முதலில் அடித்த கை

ரெமெடியோஸ் திமாயுகா ஒரு இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கேசோன் சிட்டியில் ரொம்பக் குறைவு. திமாயுகா என்றால் அந்த ஊர் மொழியில் அசைக்க முடியாதவர் என்று அர்த்தம். அது கணவன் அர்செனியோ வழியாக வந்த பெயர், அவனுக்குத்தான் அது பொருந்தும். தபால் அலுவலகத்தில் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். ரெமெடியோஸ் என்ற ரெமி, சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பாள். எதிரெதிரே உட்கார்ந்து போகும் ஜீப்னி வண்டியில் அவள் காலாட்டுகிற ஆட்டத்தில் எதிரில் இருப்பவர் காய்கறிப் பை சரியும். சர்ச்சில் எல்லோரும் முழந்தாளிடும்போது யார் முட்டி முதலில் தரையைத் தொட்டது என்று அவள் கண் தானாகத் தேடும். ரொட்டிக் கடையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் "பாண்டெசால்!" என்று குரல் கொடுத்தால், யார் முந்தி என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லவும் செய்வாள். அதனால் அக்கம்பக்கத்தில் சில பேர் அவளோடு பேசுவதில்லை.

தொழில் அப்படி. மத்தியானம் நாடே சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்க்கும் "யார் முதல்?" என்ற வினாடி வினாவின் இயந்திரம் அவள் பொறுப்பு. நான்கு மேசை, நான்கு பட்டன். யார் பட்டன் முதலில் அழுந்துகிறதோ அவர் மேசை விளக்கு எரியும், ஹாரன் அலறும், அந்தக் கணமே மற்ற மூன்று பட்டனும் செத்துப் போகும். திரையில் அவர் பெயர் மேலே வரும், பதில் சரியென்றால் மதிப்பெண் ஏறும். இத்தனையும் மேடைக்குப் பின்னால், கறுப்புத் துணிக்கு மறைவில் இருந்த அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்து நடந்தது. மற்ற நிகழ்ச்சிகளில் இந்த வேலை பார்ப்பவர்கள் மாடியில், குளிர்பதன அறையில் இயக்குநர் பக்கத்தில் இருப்பார்கள். ரெமி மாட்டேன் என்றுவிட்டாள். ஒயர் கீழே இருக்க, தான் மேலே இருந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். அதனால் போட்டியாளர்களின் முகத்தை அவள் சின்னத் திரையில்தான் பார்ப்பாள். நேரில் தெரிவது முதுகு மட்டும்.

அவள் பிறந்து வளர்ந்தது நவோத்தாஸ் மீன் மார்க்கெட் பக்கம். அம்மா மீன் வெட்டி விற்றாள். அப்பா ஒனோரியோ மகராயெக், லிங்காயென் ஊரிலிருந்து வந்த கப்பல்காரர். ரெமி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் அவரிடமிருந்து அந்நிய ஊர்த் தபால்தலை ஒட்டிய கடிதங்கள் வந்தன. பிறகு குறைந்தன. பிறகு நின்றன. கப்பல் மூழ்கியது என்றார்கள், பிரேசிலில் ஒரு குடும்பம் இருக்கிறது என்றார்கள். அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு மீன் செதிலை உரசினாள். சிறுமி மட்டும் தெருவில் ஜீப்னி நிற்கும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். யாரும் அவளை முந்த முடியாது.

"அவ இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கா. வாசல் எங்க இருக்குன்னுதான் தெரியல" என்பான் அர்செனியோ. நல்ல மனிதன்தான். ஆனால் விருந்தாளிகள் முன்னால் இதைச் சொல்லும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வளர்ந்ததும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வருஷம் திருவிழாவில் நடந்த வினாடி வினாவில் யார் முதலில் கை தூக்கியது என்று இரண்டு தெருக்காரர்கள் மேடையிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் பல் போயிற்று. பாதிரியார் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த திருவிழாவுக்கு ரெமி பழைய ஜூக்பாக்ஸ் சாமான்களையும் ஜீப்னி விளக்குகளையும் சேர்த்து ஒரு பெட்டி செய்தாள். ஒருவர் அமுக்கினால் மற்றவருக்கு வழி அடைபடும். அவ்வளவுதான் விஷயம். சண்டைக்கு இடமில்லாமல் போனதில் கூட்டத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. அந்தக் கூட்டத்தில் ஒரு தொலைக்காட்சி நிலையத்து ஆள் இருந்தார். அப்படித்தான் அவள் ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

வந்த புதிதில் மதிப்பெண்ணை அட்டையில் எழுதித் திருப்பினார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பெட்டியையும் திரையையும் இணைக்கும் புரோகிராமை அவளே எழுதினாள், திருத்தினாள், திரும்பத் திரும்பக் கலைத்து எழுதினாள். ஒழுங்காக ஓடுவதைக்கூட விட்டுவைக்க மாட்டாள். ஒருமுறை நேரலையில் கேள்வி கேட்பதற்கு முன்பே மூன்றாம் மேசை அலறியது. போட்டியாளர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "நான் தொடவே இல்ல சாமி!" என்றார். திறந்து பார்த்தால் பட்டனுக்குள் ஒரு கரப்பான்பூச்சி. தொகுப்பாளர் ரிக்கோ அதற்கும் ஒரு பெயர் வைத்துப் பேட்டி எடுத்துச் சமாளித்தார். கேள்வியை மறுபடி கேட்டார்கள். நாடு சிரித்தது. ரெமிக்கு மட்டும் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து தினம் காலையில் நான்கு பட்டனையும் கழற்றி மாட்டாமல் அவள் காபி குடிப்பதில்லை.

அந்த அக்டோபரில் முதியோர் வாரம் வந்தது. போட்டியாளர்கள் எல்லோரும் தலை நரைத்தவர்கள். காலையில் ஹெட்செட்டில் மெர்லி ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, ரெமி திரைக்காகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். போட்டியாளர்களைத் தேர்ந்தெடுத்து அழைத்து வருவது மெர்லியின் வேலை.

"ரெண்டாம் மேசை, தெக்லா கட்டாகுட்டன். ரிட்டயர்டு டீச்சர். பார்த்து அடி அக்கா, எழுத்து தப்பா வந்தா அந்தம்மா ஸ்கேலை எடுத்துருவாங்க."

"ம்."

"நாலாம் மேசை, ஒனோரியோ மகராயெக்."

ரெமியின் விரல் நின்றது.

"அக்கா? கேக்குதா?"

"எந்த ஊரு?"

"ஊரெல்லாம் திரையில வராதே."

"எந்த ஊருன்னு கேட்டேன்."

"சொந்த ஊரு லிங்காயென். கப்பல்ல இருந்தவராம். ஏன் அக்கா, தெரிஞ்சவரா?"

"எழுத்து சரியான்னு பார்த்தேன்" என்றாள் ரெமி. தன் சொந்தப் பழைய பெயரைத் தட்டுவதற்கு எழுத்துக் கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து மாடிப்படி ஏறினாள். ஊழியரின் உறவினர் யாரும் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி. அதைச் சொல்லத்தான் போனாள். இயக்குநர் நொனோங் ஒரு காதில் தொலைபேசியும் மறு காதில் ஹெட்செட்டுமாக, கையில் பாதி கடித்த சியோபா பன்னோடு நின்றிருந்தார்.

"டைரக், ஒரு விஷயம்."

"மிஷின் உசுரோட இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஏன் மேல வந்த? நீ மேல வந்தாலே எனக்கு வயித்தக் கலக்குது. போ, போ."

அவள் வாயைத் திறந்தாள். அவர் தொலைபேசியில் யாரையோ திட்ட ஆரம்பித்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம், தோளைத் தட்டியிருக்கலாம். ஒனோரியோ மகராயெக் என்று லிங்காயெனில் வேறு ஒருவர் இருக்கக் கூடாதா என்று தனக்கே சொல்லிக்கொண்டு இறங்கினாள். படிகளில் இரண்டு இடத்தில் நின்றாள். கீழே வந்தபோது போட்டியாளர்கள் மேசைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

துணி இடுக்கு வழியாக நாலாம் மேசையின் முதுகு தெரிந்தது. இஸ்திரி போட்ட வெள்ளை பாரோங் சட்டை, ஒரு தோள் கொஞ்சம் இறக்கம், சவரம் செய்த பின்கழுத்து. அந்த முதுகைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சின்ன வயதில் அவள் பார்த்ததெல்லாம் அவர் சட்டைப் பொத்தான் உயரம்தான்.

நிகழ்ச்சி தொடங்கியது. ரிக்கோ ஒவ்வொருவரிடமாக வந்து விளையாட்டாகப் பேசினார்.

"நம்ம கேப்டன்கிட்ட வருவோம்! ஐயா, எத்தனை கடல் பார்த்திருப்பீங்க?"

"கேப்டன் இல்லப்பா. எஞ்சின் ரூம்ல எண்ணெய் ஊத்துறவன். எனக்கு எல்லாக் கடலும் சத்தம்தான்."

கூட்டம் சிரித்தது. ரெமி ஹெட்செட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முதுகு சொல்லாததைக் குரல் சொல்லிவிட்டது.

"வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"ஒரே பொண்ணு. கனடாவுல இருக்கா. இன்ஜினியர்."

"அடேயப்பா! பொண்ணு பேரு என்ன? இப்ப பார்த்துக்கிட்டிருந்தா ஒரு முத்தம் குடுங்க!"

"ரெமெடியோஸ்" என்றார் கிழவர். கேமராவைப் பார்த்துக் கையை உதட்டில் வைத்து எடுத்தார்.

ஹெட்செட்டில் மெர்லி துள்ளினாள். "அக்கா! உங்க பேரு!"

"ஊருக்குள்ள ஆயிரம் ரெமெடியோஸ் இருக்காங்க" என்றாள் ரெமி. "வேலையைப் பாரு."

பொய் சொன்ன பிறகு தொடையில் கையைத் தேய்த்துக்கொண்டாள். யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பினாள். விளக்குக்காரன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான்.

கேள்விகள் போயின. மற்ற இரண்டு பேரும் சீக்கிரமே பின்தங்கிவிட்டார்கள். தெக்லா டீச்சர் பதிலை வகுப்பெடுப்பது போல முழு வாக்கியமாகச் சொன்னார். ஒனோரியோ துறைமுகம், தலைநகரம், நாணயம் என்று எது கேட்டாலும் அங்கே ஒரு நாள் கள் குடித்தவர் போலச் சொன்னார். அவருக்கு மதிப்பெண் ஏறும்போதெல்லாம் அந்த எண்ணை ஏற்றுவது ரெமியின் விரல்தான். ஒரு தடவை, ஏறாமல் விட்டால் என்ன என்று நினைத்தாள். உடனே அப்படி நினைத்த தன்மேல் அருவருப்பு வந்தது. இன்னொரு தடவை அவர் சரியாகச் சொன்னபோது அவள் உடம்பு தானாகக் கைதட்டப் போயிற்று. அதுவும் பிடிக்கவில்லை.

கடைசிக் கேள்விக்கு வந்தபோது டீச்சரும் கிழவரும் சமம். ரிக்கோ கேள்வியைப் படித்து முடித்தார். இரண்டு கைகள் விழுந்தன. ஹாரன் அலறியது. எரிந்தது இரண்டாம் மேசை விளக்கு. தெக்லா டீச்சர் நிமிர்ந்து நின்று பதிலைச் சொன்னார். சரியான பதில். வண்ணக் காகிதம் பறந்தது.

கூட்டம் பாதி கைதட்டியது, பாதி எழுந்து கத்தியது. "தாத்தா! தாத்தாதான் முதல்ல!" மாடியில் யாரோ அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். ரெமி தன் சின்னத் திரையில் அதைப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, கிழவரின் கைதான் முதலில் இறங்கியது. நொனோங் விளம்பரத்துக்கு விட்டார்.

"ரெமி! என்ன இது? மறுபடியும் கரப்பானா?"

"பார்க்கிறேன் டைரக்."

"சீக்கிரம் பாரு! போன் எல்லாம் ஒரே நேரத்துல அடிக்குது. நாடே கிழவன் பக்கம் நிக்குது!"

துணியை விலக்கிக்கொண்டு ஓடினாள். நாலாம் மேசைக்கு அடியில் குனிந்து ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்துக்கு நேராக அவருடைய பாலிஷ் போட்ட காலணி. நிமிர்ந்து பட்டனைத் தட்டினாள், விளக்கு எரிந்தது. மெல்லத் தட்டினாள், எரிந்தது. ஓரத்தில் தட்டினாள், அங்கும் எரிந்தது.

"நான்தான்மா முதல்ல அடிச்சேன்" என்றார் கிழவர். அவளை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். அவளை அடையாளம் கண்டுகொண்ட அறிகுறி எதுவும் முகத்தில் இல்லை. "நல்லா பாரு. அடிச்சது எனக்குத் தெரியாதா?"

"எப்படி அடிச்சீங்களோ அதே மாதிரி ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க."

அவர் கையை ஓங்கி இறக்கினார். வலது கையில் இரண்டு விரல் விறைத்து நின்றன, மடங்கவில்லை. உள்ளங்கை முதலில் பட்டனைச் சுற்றி இருந்த உலோக வளையத்தில் விழுந்தது. அதன் பிறகு கை உருண்டு பட்டன்மேல் போனது. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனால் டீச்சரின் விரல் அந்த நேரத்துக்குள் பட்டனில் இருந்தது.

மனிதர் முந்தினார். பட்டன் பிந்தியது. ரெமிக்கு எல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை.

"ரெமி!" காதில் நொனோங். "இதப் பாரு, பட்டன் சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லு. போன தடவை மாதிரி கேள்விய மறுபடி போட்டுடலாம். டீச்சரம்மாவும் ஒத்துக்குவாங்க, சனமும் அடங்கிரும். சொல்லிடவா?"

ஒரு வார்த்தைதான். யாரும் சோதிக்கப் போவதில்லை. கரப்பான்பூச்சிக்காகச் செய்ததை ஒரு கிழவருக்காகச் செய்யலாம். கிழவர் மேசையைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கனடாவில் இருக்கும் இன்ஜினியர் மகளைப் பற்றி அந்த வாய் எவ்வளவு சுலபமாகச் சொன்னது!

"பட்டன் நல்லாத்தான் இருக்கு" என்றாள் ரெமி.

"நிச்சயமா?"

"வளையத்துல அடிச்சிட்டாரு. மிஷின் சொன்னது சரி."

விளம்பரம் முடிந்தது. ரிக்கோ சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். கூட்டம் ஊளையிட்டது. தெக்லா டீச்சர் வந்து கிழவரின் கையைக் குலுக்கினார். இறுதிப் பெயர்ப் பட்டியலை ஓடவிட்டுவிட்டு ரெமி கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள். சொன்னது உண்மை. ஆனால் சொல்லும்போது வயிற்றுக்குள் ஏதோ ஒன்று இனித்தது. உண்மையைச் சொன்னதற்கா, அவர் தோற்றதற்கா? இரண்டும் ஒரே வார்த்தையில் வந்துவிட்டதால் பிரித்துப் பார்க்க வழியில்லை. யாரிடம் போய் முந்தியது எது என்று கேட்பது?

பின்பக்கத் தாழ்வாரத்தில் போட்டியாளர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒனோரியோ ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து அடோபோ இறைச்சியைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தார். இரண்டாம் பரிசாகக் கிடைத்த மேசை மின்விசிறி அட்டைப்பெட்டியோடு பக்கத்தில் இருந்தது. ரெமி தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துவிட்டுக் கடைசியில் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"என்னம்மா, விசிறியும் தப்புன்னு திருப்பி வாங்க வந்தியா?" என்று சிரித்தார்.

"உங்க பொண்ணு கனடாவுல எந்த ஊர்ல இருக்காங்க?"

"டொராண்டோ."

"பேசுவாங்களா?"

"பேசுவா, பேசுவா. கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவா." ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டார். "ரொம்ப கெட்டிக்காரி. சின்னதுலயே ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுருவா."

"ரேடியோ இல்ல. டார்ச் லைட்டு. நீங்க யோகோஹாமாலருந்து வாங்கிட்டு வந்தது. பிரிச்சதுக்கு அம்மாகிட்ட அடி வாங்கினேன்."

அவர் கை பொட்டலத்திலேயே நின்றது.  இருட்டில் தடவிச் சாமான் தேடுகிறவரைப் போல அவள் முகத்தில் எதையோ தேடினார்.

"நீயா?"

"நான்தான். கனடா போகல. நவோத்தாஸ்லேருந்து இங்க வரைக்கும்தான் வந்தேன்."

"அப்ப… நீதான் அந்த மிஷினா?"

"நான்தான்."

அவர் முதலில் கேட்டது மன்னிப்பு அல்ல. அம்மாவைப் பற்றியும் அல்ல. சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்லு. நெஜமாவே நான் ரெண்டாவதா?" என்று கேட்டார்.

ரெமிக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு அந்த மின்விசிறியை எடுத்துச் சுவரில் அடித்திருப்பாள். "கை முதல்ல. பட்டன் ரெண்டாவது. விரல் மடங்கல உங்களுக்கு. போதுமா? இத்தனை வருஷம் கழிச்சு இதுதான் கேக்கத் தோணுச்சா?"

"வேற என்ன கேக்கறது? மத்ததெல்லாம் கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?" தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு தடவை வந்தேன். மார்க்கெட்டுக்கு. உங்கம்மா மீன் வெட்டிக்கிட்டிருந்தா. அவ கையில கத்தி, நான் தூணுக்குப் பின்னாடி. நீ எங்கேயும் தெரியல. திரும்பிட்டேன்."

"ஏன் திரும்புனீங்க?"

"தெரியல. கால் அந்தப் பக்கம் போச்சு."

"இன்னிக்கு என்னைத் தேடியா வந்தீங்க?"

அவர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லம்மா" என்றார். "டிவில வரணும்னு ஆசை. அவ்வளவுதான்."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவள் அவரை முழுசாக வெறுக்காமல் விட்டாள் என்று பிற்பாடு அர்செனியோவிடம் சொன்னாள். அம்மா இறந்துபோய் நான்கு மழைக்காலம் ஆயிற்று என்று அவரிடம் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மாடிப்படி ஏறினாள். இந்தத் தடவை நடுவில் எங்கும் நிற்கவில்லை.

நொனோங் கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார். "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன்."

"வந்தா சொல்லணும்! கத்தணும்! சியோபாவைப் பிடுங்கி எறிஞ்சிருக்கணும்!" பிறகு கொஞ்சம் தணிந்து, "சொந்த அப்பனைத் தோக்கடிச்சிட்டு விதி பேசுற ஒரே ஆளு நீதான்டி" என்றார். அது பாராட்டா ஏச்சா என்று அவருக்கே தெரியவில்லை.

விதி விதிதான். ஒனோரியோவின் பரிசைத் திருப்பி வாங்கினார்கள். மின்விசிறியை வாங்கிக்கொண்டு வரப்போன மெர்லி, அவர் அதை ஏற்கெனவே அழகாகத் துடைத்துப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார் என்று வந்து சொன்னாள். ரெமியை நிகழ்ச்சியின் அந்தப் பருவம் முடியும்வரை நேரலையிலிருந்து விலக்கிவைத்தார்கள். வாரப் பத்திரிகை ஒன்று எப்படியோ மோப்பம் பிடித்து எழுதியது. ஓடிப்போன அப்பனுக்கு மகள் கொடுத்த தண்டனை என்று சில பேர் மெச்சினார்கள், பெற்றவன் என்றும் பார்க்காத கல்நெஞ்சக்காரி என்று சில பேர் திட்டினார்கள். ரொட்டிக் கடையில் இரண்டு கட்சியும் அவள் முன்னாலேயே வாதாடின. அவள் எந்தப் பக்கமும் சேரவில்லை.

வேலையில்லாத அந்த வாரங்கள் அர்செனியோவுக்குத்தான் சோதனை. வீட்டில் இருந்த எல்லாச் சாமானையும் அவள் கழற்றிப் போட்டாள். சோற்றுப் பானையின் மூடிப் பிடியைக்கூட விடவில்லை.

"ஒரு நிமிஷம் உக்காரு ரெமி. தரை தேயுது."

"அந்த வளையம் எதுக்குங்க?"

"எந்த வளையம்?"

"பட்டனைச் சுத்தி. அழகுக்குன்னு நான்தான் வெச்சேன். அது இல்லேன்னா அந்த மனுஷன் கை நேரா பட்டன்ல விழுந்திருக்கும்."

"அப்ப மிஷின் தப்பா?"

"மிஷின் தப்பில்ல. பட்டன்னா என்னன்னு நான் நெனச்சதுதான் தப்பு." சட்டென்று எழுந்தாள். "விரல் மடங்கறவனுக்கு மட்டும் செஞ்சிருக்கேன்."

வீட்டு மேசைமேல் தட்டு அகலத்துக்கு, வளையமே இல்லாமல், எங்கே தொட்டாலும் அழுந்துகிற மாதிரி ஒரு பட்டனைச் செய்தாள். முஷ்டியால் அடித்தாலும் சரி, முழங்கையால் அடித்தாலும் சரி. நொனோங் அதைப் பார்த்துவிட்டு, "பிட்சா மாதிரி இருக்கு" என்றார். ஆனால் நான்கு மேசையிலும் அதையே வைத்தார், அவளையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். பின்னாளில் ஜகார்த்தாவிலும் கோலாலம்பூரிலும் இதே மாதிரி நிகழ்ச்சிகளுக்கு இயந்திரம் அமைக்கக் கூப்பிட்டபோது, அந்த அகலப் பட்டனைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினாள்.

ஒனோரியோ மலாபோனில் ஒரு ஒண்டிக்குடித்தனத்தில் இருந்தார். அர்செனியோதான் போய் விசாரித்துவிட்டு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெமியைக் கேட்காமலே கிழவரைச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். அவள் சினிகாங் குழம்பை அவர் தட்டில் ஊற்றினாள். அவர் இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். அடுத்த ஞாயிறும் வந்தார். அவரும் அர்செனியோவும் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துச் சண்டை போட்டுக்கொள்வார்கள். ரெமி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். "அப்பா" என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "சாப்பிட வாங்க" என்பதோடு சரி.

பிறகு ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. பசி நேரம் தாண்டியது. அர்செனியோ, "கெழவர் தூங்கியிருப்பாரு" என்று சொல்லிவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டான். தெருவில் ஜீப்னி நிற்கும் சத்தம் கேட்டது. ரெமி எழுந்தாள். வேறு யாரோ இறங்கினார்கள். இன்னொரு ஜீப்னி நின்றது. அதிலும் இல்லை. மூன்றாவதில் அவளே ஏறிவிட்டாள்.

மலாபோனில் அறை பூட்டியிருந்தது. பூட்டை இழுத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி மூலைக் கடையைக் காட்டினாள். அங்கே ஒரு தகரக் கூரைக்குக் கீழே நாலு கிழவர்கள் மேசையில் காய் பரப்பி மாஜோங் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் ஒனோரியோ. வாயில் வேர்க்கடலை.

"அட, நீயா?" என்றார். "கை நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு, அதான் எந்திரிக்கல."

ரெமி கத்தினாள். சுற்றியிருந்தவர்கள் காய்களை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். "சொல்லியிருக்கலாமில்ல! வரலைன்னா வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமில்ல! குழம்பு ஆறிப்போயி, நான் ஒவ்வொரு ஜீப்னியா எட்டிப் பார்த்துக்கிட்டு… நான் என்ன, இன்னும் சின்னப் பிள்ளையா?"

கிழவர் வேர்க்கடலையை மெல்லுவதை நிறுத்தினார். பக்கத்திலிருந்தவர், "யாரு ஒனோரியோ இது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என் பொண்ணு."

"கனடாவுல இருக்கிறதா சொன்னியே?"

"இல்ல" என்றார் ஒனோரியோ. "இங்கதான் இருக்கா." பிறகு அவளைப் பார்த்து, "சொல்லணும்னு தோணலம்மா. பழக்கமில்ல" என்றார்.

"பழகிக்குங்க. இனிமே சொல்லிட்டுப் போங்க. எங்க போனாலும்."

அவர் தலையாட்டினார். ஒருவர் அவளுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். வேண்டாம், ஸ்டூடியோவில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியே கிடையாது என்பது ஜீப்னி பாதி தூரம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எதிரில் இருந்த பெண்மணி சரியப்போன காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அந்தக் காலைக் கொஞ்சம் நிறுத்தறீங்களா?" என்று கேட்டாள். ரெமி மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். இரண்டு நிறுத்தம்வரை காலை அடக்கியும் வைத்திருந்தாள்.